மயிலாத்தாள் கைராசி

பெட்டி முனை இடிக்குதுங்களா தம்பி? கொஞ்சம் ஜன்னலோரமா ஒட்டி உக்காந்துக்குங்க. கீழே மட்டும் வைக்கச் சொல்லாதீங்க. கண்டக்டர் சொல்லியாச்சு, டிரைவரும் திரும்பிப் பார்த்துச் சொல்லியாச்சு. வைக்கமாட்டேன். இது மோட்டார். இந்த பஸ் போடுற குலுக்கலுக்குத் தரையில வச்சா, உக்கடம் போறதுக்குள்ள பேரிங் தனியா, பாடி தனியா வந்துரும். "ஏனுங் பெரியவரே, கைக்குழந்தையாட்டம் மடியில வச்சிருக்கீங்களே, அரை டிக்கெட் போட்டுரட்டுமா?"ங்கறான் அந்தக் கண்டக்டர். எல்லாரும் சிரிக்கறாங்க. சிரிக்கட்டும்.

காதுல இருக்கறதைக் கொஞ்சம் எடுங்க தம்பி. வயசானவன் பேசும்போது காதை அடைச்சுக்கறது நல்லா இல்லை. என்ன வேலைங்க நீங்க? பேங்குங்களா? நல்லது. அப்ப நாலு பேர் கத்துறதைக் கேட்டுப் பழக்கம் இருக்கும்.

என் பேர் கிட்டுசாமி. பொள்ளாச்சிக்கு மேக்கால தென்னந்தோப்பு, தோப்புக்குள்ளயே வீடு. இந்த மோட்டாரை நான் வாங்கலீங்க. எங்க மாப்பிள்ளை வாங்கி, கூரியர்ல போட்டு, என்னை ஒரு வார்த்தை கேக்காம என் வாசல்ல கொண்டாந்து எறக்கவச்சார். அதை அவர் வாசல்லயே கொண்டுபோய் வச்சுட்டு, "இந்தாங்க மாப்பிள்ளை, உங்க பொம்மை"ன்னு சொல்லிட்டு, ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்காம அடுத்த பஸ்ஸுல திரும்பப் போறேன். அதுக்குத்தான் இந்தப் பயணம். மாப்பிள்ளையை நான் 'அவன் இவன்'னு பேசமாட்டேன். எங்க பக்கத்துல அது வழக்கமில்லை. திட்டுனாலும் மரியாதையாத்தான் திட்டணும். அவருக்கு மூளை இல்லீங்க.

இது எதுக்கான மோட்டாருன்னு நினைக்கறீங்க? கிணத்துக்கா? போருக்கா? இல்லை. நீச்சல்குளத்துக்கு. பார்த்தீங்களா, நீங்களும் சிரிக்கறீங்க. தோட்டத்துக்காரனுக்கு எதுக்கு நீச்சல்குளம்னுதானே? எனக்கு எதுக்குங்க? நான் கேட்டனா?

என் சம்சாரம் மயிலாத்தாளுக்கு முட்டி தேஞ்சுபோச்சு. ஆபரேஷன் பண்ணி மாத்து முட்டி வச்சாங்க. வச்ச டாக்டர் வச்சமா போனமான்னு இருக்கலாமில்லீங்களா? "தெனமும் காலையில நெஞ்சளவு தண்ணிக்குள்ள நடக்கச் சொல்லுங்க, உடம்புப் பாரத்தைத் தண்ணி தாங்கிக்கும், முட்டி இறுகாது"ன்னு சொல்லிட்டார். நெஞ்சளவு தண்ணிக்கு நான் எங்க போவேன்? வாய்க்கால்ல எறக்கிவிட்டா அடுத்த ஊர் மதகுல போய்த்தான் அவளைப் பிடிக்கணும். உடனே மாப்பிள்ளை கம்ப்யூட்டரைத் தொறந்தார். என் வீட்டுக்குப் பின்னாடி, நான் மாட்டுத் தீவனப் பில்லு போட்டிருந்த எடத்துல, நீலமா ஒரு தொட்டி வரைஞ்சு காமிச்சார். எம் பொண்ணு தாரணி அவர் பக்கத்துல நின்னுக்கிட்டு, "அம்மாவுக்காகத்தானேப்பா"ங்கறா. மயிலு ஒண்ணும் பேசலை. அவ எப்பவும் பேசமாட்டா. ஆனா அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு நின்னா. சரி, தொலையுதுன்னு விட்டுட்டேன்.

தொட்டி கட்டி முடிச்சு, இதுக்கு முந்தின பழைய மோட்டாரை மாட்டுறதுக்குக் கோயமுத்தூர்லருந்து ஒரு கம்பெனிக்காரன் வந்தான். நான் தோப்புக்குத் தண்ணி பாய்ச்சறவன், நாலு விஷயம் தெரிஞ்சுக்கணுமில்லையா? கேட்டேன்.

"தண்ணி எங்கடா போகும்?"

"இந்தக் குழாய் வழியா மோட்டாருக்குப் போகும் சார்."

"அப்பறம்?"

"மணல் ஃபில்டருக்குப் போகும் சார். அந்தா அந்தப் பானை மாதிரி இருக்குதே, அதுக்கு."

"அப்பறம்?"

"திரும்பத் தொட்டிக்கே வந்துரும் சார்."

நான் அவன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னேன். தம்பி, நீங்களே சொல்லுங்க. எடுத்த எடத்துலயே கொண்டுவந்து விடுறதுக்கு எதுக்குங்க ஒரு மோட்டார்? ஒரு தென்னைக்குப் போகலை. ஒரு வாழைக்குப் போகலை. கோயிலைச் சுத்தறவனுக்காவது ஒரு வேண்டுதல் இருக்கும். இந்தத் தண்ணிக்கு என்ன இருக்குது?

"எத்தனை ஹெச்.பி.?"ன்னு கேட்டேன். "ஒண்ணு சார்"னு சொன்னான். ஒண்ணு! எங்க ஊர்ப்பக்கம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தா, பொண்ணு எடுக்கப் போனாக்கூட, தோப்பு எவ்வளவுன்னு கேக்கறதுக்கு முன்னாடி மோட்டார் எத்தனை ஹெச்.பி.ன்னுதான் கேப்போம். ஏழரைம்பான், பத்தும்பான். ஒரு ஹெச்.பி.ங்கறது மாவரைக்கறதுக்குங்க. மோட்டாருக்குப் பேர்போன கோயமுத்தூர்லயே பொண்ணைக் கட்டிக்கொடுத்துட்டு, என் வீட்டுல ஒரு ஹெச்.பி. ஓடுதுன்னு நான் எப்படி வெளியில சொல்லுவேன்? யாராவது ஒறம்பரை, விருந்தாளின்னு வந்தா அந்தப் பக்கம் கூட்டிக்கிட்டே போகமாட்டேன்.

ஆனா முறை முறைதான். எந்த மோட்டார் மாட்டுனாலும் முதல் சுவிட்சு மயிலு கையாலதான் போடுவோம். எங்க அப்பன் காலத்துலருந்து வீட்டுப் பொம்பளை கைதான். மயிலு கைராசி சாதாரணமில்லீங்க. மூணு போர்ல தண்ணி வராம, நாலாவதுக்கு அவ வந்து சுவிட்சைத் தட்டுனா, செம்மண்ணைத் தள்ளிக்கிட்டு வந்து விழுந்தது பாருங்க தண்ணி. மத்தியானம் வரைக்கும் நிக்கலை. அதனால அந்தப் பொம்மைக்கும் சந்தனம் வச்சு, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைச்சு, அவ கையாலதான் போட்டோம். போட்டதும் சத்தமே இல்லை. ஓடுதா இல்லையான்னு குனிஞ்சு காதை வச்சுப் பார்த்தேன். ஓடுது. மயிலு அன்னிக்குச் சிரிச்சா. தண்ணிக்குள்ள எறங்கி, சேலையோட அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தா. "ஏனுங், வலியே இல்லீங்க"ன்னா.

எல்லாம் நல்லாத்தான் இருந்தது. அந்த மோட்டார்தான் கெடுத்தது.

தெனமும் பாதிநாள் ஓட்டணுமாம் அதை. ஆள் எறங்கலீன்னாலும் ஓட்டணுமாம். என்ன நியாயம் இது? தொட்டியில ஆளே இல்லாதப்ப தண்ணி எதுக்குச் சுத்தணும், யாருக்குக் காட்டுறதுக்கு? மயிலு எறங்கும்போது போடுவேன், அவ மேல ஏறுனதும் நிறுத்திருவேன். கொஞ்ச நாள்ல தண்ணி பச்சையாச்சு. பச்சையானா என்னங்க? கிணத்துத் தண்ணி என்ன பால் கலர்லயா இருக்குது? மயிலு மட்டும் ஒருநாள், "ஏனுங், ஓரமெல்லாம் பாசி பிடிச்சு வழுக்குதுங்க"ன்னா. "பார்த்து நட"ன்னேன். வேற என்ன சொல்லுவாங்க? வழுக்கற எடத்துல பார்த்துத்தானே நடக்கணும்?

அப்பறம் ஒருநாள் அரைக்கிற சத்தம் வந்தது. கல்லைப் போட்டு அரைக்கிற மாதிரி. நான் தோப்புல இருந்துக்கிட்டே சொல்லிட்டேன், காத்தாடிப் பக்கத்து பேரிங் போயிருச்சுன்னு. கழட்டிப் பார்த்தா அதேதான். அந்தக் காது எனக்கு இருக்குதுங்க. எந்த மோட்டாரா இருந்தாலும் எங்க வலிக்குதுன்னு சத்தத்துலயே சொல்லிருவேன்.

கம்பெனிக்குப் போன் பண்ணுனேன். ஒரு பொம்பளைப் பிள்ளை எடுத்து, உங்க அழைப்பு எங்களுக்கு முக்கியம்னு சொல்லிட்டுப் பாட்டுப் போட்டுவிட்டுருச்சு. வாசிப்பு முடியவே இல்லை. போனைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டு ஒரு பாத்திக்குத் தண்ணி திருப்பிட்டு வந்து பார்த்தேன், இன்னும் வாசிக்கறாங்க. ஒரு வழியா ஷாஜின்னு ஒருத்தன் வந்தான். வந்தான், மோட்டாரைப் போட்டோ எடுத்தான், போனான். அவ்வளவுதான். மறுபடி வேற ஒருத்தன் வந்தான். அவனும் போட்டோ எடுத்தான். "ஏனப்பா, அவன் எடுத்துட்டுப் போனானே"ன்னேன். "அது முன்பக்கம் சார், நான் லேபிளை எடுக்கணும்"ங்கறான். அந்த லேபிளு வெயில்ல வெளுத்து எழுத்தே இல்லாம இருக்குது. அதைப் போட்டோ எடுத்துட்டு, "இந்த மாடல் இப்ப வர்றதில்லை சார்"ங்கறான். எந்த மாடலு? எழுத்தே இல்லாத மாடலு.

புதுசு போட்டா குழாய் சேராதாம். பழையது ஒரு அளவு, புதுசு ஒரு அளவு. குழாயை மாத்துனா ஃபில்டர் வாய் சேராதாம். ஃபில்டரை மாத்துனா மேடையை இடிக்கணுமாம். "ஏனுங் சார், ஒரு மோட்டாரு கெட்டதுக்கு என் வீட்டையே இடிச்சுட்டு வேற வீடு கட்டிக்கறேன், அதுக்குத் தோதா ஒரு மோட்டார் கொடுப்பீங்களா?"ன்னு கேட்டேன். "கேட்டுச் சொல்றேன் சார்"ங்கறான். வேடிக்கைக்குச் சொன்னா வேடிக்கைன்னு தெரியலை. இவங்ககிட்டத்தான் என் சம்சாரத்து முட்டி மாட்டிக்கிட்டு இருக்குது.

இதுக்குள்ள மயிலு நடை மாறிப்போச்சு. காலையில எந்திரிச்சதும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. நான் என்ன செய்ய? பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்? மாப்பிள்ளை போன்ல, "மாமா, நான் வேற கம்பெனிகிட்டச் சொல்லி ரெண்டு நாள்ல மாத்தச் சொல்றேன்"ங்கறார். "மாப்பிள்ளை, மோட்டாரைப் பத்தி நீங்க எனக்குச் சொல்லவேண்டாம்"னு சொல்லிட்டேன். என் தோட்டத்து மோட்டாரை இன்னொருத்தர் மாத்துனார்னா அப்பறம் நான் எதுக்கு?

பொள்ளாச்சியில ஆறுச்சாமின்னு ஒருத்தன், மோட்டாருக்குக் காயில் கட்டுறவன். நம்ம ஆளு. அவன்கிட்டக் கொண்டுபோனேன். "என்னங்ணா, மிக்சியா?"ன்னு கேட்டான். அவனுக்கு அந்த மரியாதைதான் வந்தது அதைப் பார்த்ததும். பேரிங் போட்டு, காயில் கட்டிக் கொடுத்தான். மாட்டுனேன். ஓடுச்சு. ரெண்டாம் நாளே மறுபடி நின்னுபோச்சு. ஏன்னா அந்த மோட்டாருக்கு முன்னாடி ஒரு கூடை இருக்குது, குப்பை வடிகட்டுறதுக்கு. அந்தக் கூடையை நான் எடுத்து எறிஞ்சிருந்தேன். தண்ணி வேகத்தை அது தடுக்குதுங்க. தண்ணிக்கு எதுக்கு வடிகட்டி, காப்பியா அது? தோப்புக்குள்ள தொட்டி இருந்தா தென்னம்பூ விழத்தான் செய்யும், குரும்பை விழத்தான் செய்யும். அதைக்கூட மென்னு முழுங்காத மோட்டாரு ஒரு மோட்டாரா? உள்ளே போய் சிக்கி, காயில் திரும்பக் கருகிப்போச்சு. ஆறுச்சாமி சொன்னான், "அண்ணா, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேற பாருங்க"ன்னு. அவனும் கைவிட்டுட்டான்.

அப்பத்தான் எனக்கு நல்ல யோசனை வந்தது.

கிணத்துமேட்டு ரூம்புல அஞ்சு ஹெச்.பி. ஒண்ணு சும்மா கெடந்தது. நல்ல வார்ப்பு. ரெண்டு ஆள் சேர்ந்துதான் தூக்கணும். அதைக் கொண்டாந்து தொட்டிக்குப் பக்கத்துல எறக்கி, குழாய் வாயைச் சிறுசாக்கற ரெட்யூசர் போட்டு, குழாயைச் சேர்த்து, மூணு ஃபேஸு கனெக்சன் இழுத்து, எல்லாம் நானே நின்னு செஞ்சேன். கம்பெனிக்காரன் முடியாதுன்னதை ஒரே நாள்ல முடிச்சேன் பாருங்க. இனி நாள் பூரா ஓட்டவேண்டாம். ஒரே இழுப்புல மொத்தத் தொட்டியையும் சுத்திரும். எனக்கே பார்க்கப் பெருமையா இருந்தது. தாரணியும் மாப்பிள்ளையும் அன்னைக்கு வந்திருந்தாங்க. மாப்பிள்ளை குனிஞ்சு பார்த்துட்டு, "மாமா, ஃபில்டர் இந்தப் பிரஷரைத் தாங்காதுங்க"ன்னார். "உங்க கம்ப்யூட்டர் தாங்காதுங்க மாப்பிள்ளை, இது இரும்பு"ன்னேன். ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டார்.

சந்தனம் வச்சேன். தேங்காய் உடைச்சேன். "மயிலு, வா, சுவிட்சைப் போடு"ன்னேன். அவ வாசப்படியிலயே நின்னுக்கிட்டு, "ஏனுங், எனக்கு பயமா இருக்குதுங்க, நீங்களே போடுங்க"ன்னா. உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா தம்பி? ஆச்சுன்னா தெரியும், நல்ல காரியம் செய்யும்போதுதான் இவங்களுக்கு பயம் வரும். "உன் கைராசிக்குத்தானே கூப்பிடறேன், வராம நிக்கறியே"ன்னு ஒரு அதட்டுப் போட்டேன். சுவத்தைப் பிடிச்சு, தொட்டியோரமா மெதுவா வந்து, போட்டா.

என்ன சத்தம்ங்கறீங்க! அஞ்சு ஹெச்.பி. சத்தம்! எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு. ஒரு மூச்சு விடுறதுக்குள்ள அந்த மணல் பானை தலையைக் கழட்டி எறிஞ்சுருச்சுங்க. மூடி பறந்துபோய்த் தென்னையில அடிச்சுது. மணலும் தண்ணியுமா எல்லார் மேலயும் கொட்டுது. குழாய் விட்டுப்போய்ப் பாம்பாட்டம் ஆடுது. மயிலு பின்னாடி நகர்ந்திருக்கா, அந்தப் பாசியில கால் வச்சு, அப்படியே விழுந்துட்டா.

நான் ஓடுனேன். எப்படி ஓடுனேன்னு எனக்கே தெரியலை, இந்த வயசுல. ஓடிப்போய் மெயினை நிறுத்துனேன். நிறுத்தாம? மூணு ஃபேஸுங்க. தண்ணி வேற. யாராவது ஒருத்தர் யோசிக்கணுமில்லையா? நிறுத்திட்டு மோட்டாரைப் பார்த்தேன். உள்ளே தண்ணி போயிருச்சா, காயில் சுட்டிருக்குதான்னு மூடியைக் கழட்டிப் பார்த்தேன். தாரணி அழுகறா, மாப்பிள்ளை "அத்தை, அத்தை"ங்கறார். அங்க ரெண்டு பேர் இருக்காங்களே, நானும் போய் நின்னு என்ன பண்ண?

அப்ப மயிலு ஒரு வார்த்தை கேட்டா பாருங்க. தரையில கெடந்தபடியே, மூஞ்சியெல்லாம் மணலு, என்னைப் பார்த்து, "ஏனுங், மோட்டாருக்கு ஒண்ணும் ஆகலையே?"ன்னா.

கேட்டீங்களா? விழுந்து கெடக்கும்போதும் அவளுக்கு மோட்டார் நினைப்பு. அப்பேர்ப்பட்டவ. நான் பெருமைக்குச் சொல்லலை தம்பி, இந்தக் காலத்துல எந்தப் பொம்பளை கேப்பா அப்படி? "ஒண்ணும் ஆகலை மயிலு, நல்லாத்தான் இருக்குது"ன்னேன், அவ மனசு நிம்மதியாகட்டும்னு. அதுக்கப்பறம் அவ என்கிட்டப் பேசலை. வலியா இருந்திருக்கும்.

அன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க கோயமுத்தூருக்கு. ஆஸ்பத்திரியில காட்டி, கட்டுப்போட்டு, சரவணம்பட்டியில அவங்க அபார்ட்மெண்டுக்கே கொண்டுபோயிட்டாங்க. எங்க வீட்டுக் காரையும் டிரைவரையும் அவளுக்காக அங்கயே வச்சுக்கிட்டாங்க. எனக்குக் கண்ணுல பொரை எடுத்ததுலருந்து வண்டி ஓட்டக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, அதான் இந்த பஸ்ஸு. பத்து நாள்ல வந்துருவான்னுதான் நினைச்சேன். தை மாசம் போனவ. இப்ப வைகாசி.

நான் போய்ப் பார்க்கலையான்னு கேக்கறீங்களா? எப்படிங்க போறது? இங்க இந்தக் கம்பெனிக்காரனோட யாரு மல்லுக்கட்டுறது? அவளுக்காகத்தானே மல்லுக்கட்டுறேன். பானையைக் கொண்டுபோய் மூடி போட்டு, மணலைத் திரும்ப அடைச்சுக் கொண்டாந்தேன். குழாய் மாத்துனேன். தொட்டியை எறைச்சுப் பாசியெல்லாம் பிரஷ் போட்டுத் தேய்ச்சேன், நானே, குனிஞ்சு. அஞ்சு ஹெச்.பி.யைக் கழட்டி ரூம்புல போட்டுட்டேன். பார்த்தீங்களா, அதையும் விட்டுக்கொடுத்தேன். தாரணிகிட்டப் போன்ல, "அம்மா எப்ப வர்றா?"ன்னு கேட்டா, "மோட்டார் சரியாகட்டும்ப்பா, பார்க்கலாம்"ங்கறா. "அம்மா சொன்னாளா?" "அம்மாதான் சொன்னாங்க." அவ்வளவுதான். போனை அவகிட்டக் கொடுக்கமாட்டா. நானும் கேக்கமாட்டேன்.

அந்த அபார்ட்மெண்டுலயும் ஒரு குளம் இருக்குது. மயிலு அங்க நடக்கறாளாம். தாரணி ஒரு வீடியோ அனுப்பியிருந்தா. நாலஞ்சு பொம்பளைங்க சுத்தி நிக்கறாங்க, நடுவுல மயிலு, தலைக்கு ரப்பர்ல ஒரு தொப்பி. என்னத்துக்கோ சத்தம் போட்டுச் சிரிக்கறா. என் வீட்டுல இத்தனை வருஷத்துல அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்லை. அந்த வீடியோவை நான் நாலஞ்சு தடவை பார்த்தேன். அந்தக் குளத்து மோட்டார் சத்தம் கேக்குதான்னு பார்க்கறதுக்குத்தான். கேக்கலை. நல்ல மோட்டாராத்தான் போட்டிருக்கான்.

அப்பறம்தான் மாப்பிள்ளை இந்தப் பெட்டியை அனுப்பிவச்சார். அதே அளவு, குழாய்கூடச் சரியாச் சேருது. வச்சுப் பார்த்தேன். நோகாம உக்காருது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அத்தனை நாள் நான் அலைஞ்சு கிடைக்காதது, அவர் உக்காந்த எடத்துலருந்து அனுப்பறார். தாரணிக்குப் போன் போட்டேன். "மாட்டியாச்சு, அம்மாவை வந்து சுவிட்சைப் போடச் சொல்லு"ன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பக் கூப்பிடறா. "நீங்களே போட்டுக்குங்கப்பா. ஓடட்டும், அப்பறம் அம்மா வர்றதைப் பத்திப் பேசலாம்."

எப்படிங்க நான் போடறது? மயிலு கை வைக்காம எங்க தோட்டத்துல ஒரு மோட்டார் ஓடுனதில்லை. அவ வந்தாத்தான் ஓடும். ஓடுனாத்தான் அவ வருவாளாம். "அம்மிணி, உங்கம்மாவுக்கு முறை தெரியாதா?"ன்னு கேட்டேன். "அம்மா இனிமேல் எந்த சுவிட்சையும் தொடமாட்டாங்களாம்ப்பா"ங்கறா. எதுக்கு? நான் என்ன பண்ணுனேன்? அன்னைக்கு வெடிச்சது பானைதானே, மோட்டார் இல்லையே?

மாட்டுனதைக் கழட்டிட்டேன். நேத்து பெட்டியில போட்டு, இன்னைக்குக் கிளம்பிட்டேன்.

சரி, நீங்க வழியில பார்த்த மனுஷன், உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன? மாப்பிள்ளை வாசல்ல வச்சுட்டு வந்துருவேன்னு சொன்னேனில்லை. அது வெளியில சொல்றதுக்கு. நெசத்துக்கு வேற ஒரு வேலை இருக்குது. அந்த வீட்டுல பிளக்கு இல்லாம போகாதில்லீங்களா? மயிலு முன்னாடி வச்சு, ஒயரைச் சொருகி, "ஒரே ஒரு தடவை தட்டு, போதும்"னு சொல்லப்போறேன். தண்ணி இல்லாம ஓட்டக்கூடாதுதான். ஒரு சிமிட்டு நேரம்தானே, ஒண்ணும் ஆகாது. அவ கை பட்டதாயிருமில்லை? அப்பறம் கொண்டுபோய் மாட்டிக்கிட்டா, முறைக்கு முறையும் ஆச்சு, ஓடட்டும்னு சொன்ன அவ வாக்குக்கு வாக்கும் ஆச்சு. சாயங்காலமே கூட்டிக்கிட்டுக் கிளம்பிரலாம். அவளால வேண்டாம்னு சொல்ல முடியாது. சொல்றதுக்குக் காரணம் வேணுமில்லை?

என்னங்க? ஈச்சனாரி தாண்டியாச்சு, ஆமா. அதில்லையா? சத்தமாச் சொல்லுங்க, இந்த பஸ்ஸுக்கு சைலன்சர் போயிருச்சு.

எந்தக் காலுங்களா?

எந்தக் காலுன்னா... என்ன கேக்கறீங்க? அவளுக்கு ஆபரேஷன் பண்ணுனதா, விழுந்து அடிபட்டதா? ரெண்டும் ஒரே காலான்னு கேக்கறீங்களா? உங்கம்மாவுக்கும் முட்டி ஆபரேஷனுங்களா. சரி. வலது. வலதுதான். படியேறும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு அந்தக் காலைப் பின்னாடி... இருங்க. எங்க வீட்டுல கைப்பிடி இடது பக்கம். அப்ப இடதா இருக்கணும். இல்லீங்க, கைப்பிடியை அந்தப் பக்கம் வச்சது வேற காரணம், இந்தப் பக்கம் ஒயர் போகுது.

விழுந்தப்ப... அவ தொட்டியோரத்துல, இந்தா, இப்படிக் கெடந்தா. தலை வீட்டைப் பார்த்து. கால் மடங்குனது... நான் மோட்டார்கிட்டத்தானுங்க நின்னேன். எனக்கு முதுகுப் பக்கம் அது.

என்ன தம்பி பார்க்கறீங்க? முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்துனவனுக்குத் தெரியாதா? வெயில்ல வந்தது, சட்டுன்னு ஞாபகத்துக்கு வரலை. இருங்க, எம் பொண்ணைக் கேட்டுச் சொல்லிடறேன். உங்களுக்கு சந்தேகம் இருக்கக்கூடாதில்லை. இந்தப் போனை எடுத்து அந்தப் பச்சையைக் கொஞ்சம் அமுக்குங்க, என் கை ரெண்டும் பெட்டியில இருக்குது. என் காதுல வையுங்க. இன்னும் மேல.

அல்லோ. அம்மிணி?

...

மயிலா?

...

நாந்தான். பஸ்ஸுல இருக்கறேன். சுந்தராபுரம். இல்லை, அதெல்லாம் இல்லை. ஏ மயிலு... மாப்பிள்ளை இருக்காரா? இல்லையா. சரி. ஏ மயிலு, இங்க ஒரு தம்பி கேக்குது. பேங்க்ல இருக்குது. அது கேக்குது... உனக்கு எந்தக் காலு?

...

மயிலு? கேக்குதா?

...

ம்.

ம். சரி.

வச்சுட்டா. எடுங்க தம்பி, போனைச் சட்டைப்பையில போட்டுருங்க.

என்ன சொன்னாளா? ஒண்ணும் சொல்லலீங்க. நான் கேட்டது ஒண்ணு, அவ சொல்றது ஒண்ணு. மூச்சு மட்டும் கேக்குது. டவர் இல்லைபோலன்னு பார்த்தேன். அப்பறம், "வந்து பாருங்க"ங்கறா. அவ்வளவுதான். வலதா இடதான்னு கேட்டா, வலதுன்னு சொல்லணும், இல்லை இடதுன்னு சொல்லணும். வந்து பாருங்கன்னா அது பதிலா? பேசிப் பேசிப் பழகியிருந்தா ஒழுங்காப் பதில் சொல்லத் தெரியும். இத்தனை மாசம் மோட்டார் மோட்டார்ன்னு என் உயிரை எடுத்தவ, இப்ப அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை பாருங்க.

உக்கடம் வந்துருச்சுங்களா? எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. நீங்க எறங்குங்க, நான் பொறுமையா வர்றேன். தள்ளாதீங்கப்பா, மனுஷன் எறங்கவேண்டாமா?

தம்பி, ஒரு நிமிஷம். இங்கருந்து சரவணம்பட்டிக்கு எந்த பஸ்ஸுங்க? அங்கங்க நின்னு போறது வேண்டாம். நிக்காம போறதாப் பார்த்துச் சொல்லுங்க.